ஊதாச் சாமந்தியிலிருந்து புதிய நிறம்: காமா கதிரால் சடுதிமாற்றம் உண்டாக்கிப் பிரித்தெடுக்கும் முறை

ஒரு சாமந்தி ரகம் நன்றாகக் காய்ச்சலும் பாய்ச்சலும் தாங்குகிறது, மூட்டை கட்டிச் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினாலும் இதழ் உதிர்வதில்லை, ஆனால் அதன் நிறம் மட்டும் வியாபாரிகளிடம் எடுபடவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிறத்தை மாற்றுவதற்காக அதை வேறொரு ரகத்துடன் கலப்பினம் செய்தால், நிறம் கிடைக்கும்போது மற்ற நல்ல குணங்கள் கைவிட்டுப் போய்விடும். சாமந்தி ஆறு தொகுதிகளாக 54 குரோமோசோம்களைச் சுமக்கும் செடி என்பதால், விதையில் வரும் ஒவ்வொரு கன்றும் தாயிடமிருந்து ஏதோ ஒரு வகையில் விலகியே நிற்கும். இருக்கும் ரகத்தின் நற்குணங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்ற விரும்புகிறவர்களுக்கு, கதிர்வீச்சால் சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் திடீர் மாற்றம், உண்டாக்கும் முறை ஏற்றது. நிறம், இதழ் வடிவம், இலையில் வெள்ளை அல்லது மஞ்சள் கோடு, செடியின் உயரம் ஆகியவை இம்முறையில் எளிதாக மாறக்கூடியவை.

இது புதிய உத்தி அன்று. எக்ஸ் கதிர் மரபணுவை மாற்றும் என்பதை முல்லர் 1927-இல் பழ ஈயிலும், ஸ்டாட்லர் 1928-இல் பார்லி, மக்காச்சோளப் பயிர்களிலும் காட்டினார்கள். 1949-இல் நெதர்லாந்தில் ‘ஃபாரடே’ என்ற டியூலிப் ரகம் இம்முறையில் வெளிவந்தது. நம் நாட்டில் லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் சாமந்தி, காகிதப்பூ, சம்பங்கி ஆகியவற்றில் பல ரகங்களை எடுத்திருக்கிறது. இலையில் வெள்ளிக் கோடும் பொன் கோடும் ஓடும் ‘ரஜத ரேகா’, ‘ஸ்வர்ண ரேகா’ சம்பங்கிகள் அங்கே காமா கதிரில் பிறந்தவை. புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அபிசாரிகா’ ரோஜா, ‘கிஸ் ஆஃப் ஃபயர்’ என்ற ரகத்திலிருந்து வந்தது. அதே நிறுவனத்தின் ‘பூசா அன்மோல்’ சாமந்தி, ‘அஜய்’ ரகத்திலிருந்து வந்தது.

இத்தனை சான்றுகள் இருந்தும், கதிர் கொடுத்துப் பார்த்த பலர் ஒன்றும் கிடைக்கவில்லை என்று கைவிடுகிறார்கள். செடியைக் கதிரில் வைப்பது சில நொடிகளிலோ நிமிடங்களிலோ முடிந்துவிடும் வேலை. மாறிய ஓரிரு செல்களை மாறாத ஆயிரக்கணக்கான செல்களின் நடுவிலிருந்து மேலே கொண்டுவந்து ஒரு முழுச் செடியாக்குவதே உண்மையான வேலை. அதைச் செய்பவை கத்தரிக்கோலும் கவனமான கண்ணும்தான் என்பதால், இக்கட்டுரை அந்தப் பகுதியிலேயே அதிகம் தங்கும்.

எந்தச் செடியை எடுப்பது

போத்து (வெட்டி நடும் தண்டுத் துண்டு), ஒட்டு, குமிழ் ஆகியவற்றால் பெருக்கப்படும் செடிகளே முதல் தேர்வு. மாற்றம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் அதை விதையின்றியே பெருக்கிக்கொள்ளலாம். டெல்லி கனகாம்பரம் மும்மடியம், அதாவது மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டது, என்பதால் விதை பிடிப்பதில்லை. கலப்பினம் செய்ய வழியே இல்லாத அத்தகைய செடிக்குச் சடுதிமாற்றம் ஏறத்தாழ ஒரே வாசல். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஏக்கர் கணக்கில் நிற்கும் அரளியும் போத்தில் பெருகுவதுதான். ஆயினும் அது கட்டைச் செடி என்பதால் ஒவ்வொரு வெட்டுக்கும் காத்திருக்கும் காலம் அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரே ஆண்டில் பலமுறை வெட்டித் தழைக்கவைக்கக்கூடிய சாமந்தியில் கைபழகுவது நல்லது.

தாய் ரகத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் சறுக்குகிறார்கள். கதிர்வீச்சு பெரும்பாலும் மரபணுவை உடைக்கிறது. இல்லாத ஒன்றைப் புதிதாகக் கட்டித் தருவது மிக அரிது. ஆகவே எதை உடைத்தால் என்ன வெளிப்படும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு அல்லது ஊதாச் சாமந்தியின் இதழில் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கிறது. அதே இதழில் மஞ்சள் நிறமியான கரோட்டினாய்டைச் சிதைக்கும் ஒரு நொதியும் இயங்கிக்கொண்டிருக்கிறது. ஆந்தோசயனின் உண்டாக்கும் வழி உடைந்தால் பூ வெள்ளையாகும். சிதைக்கும் நொதி உடைந்தால் மஞ்சள் தங்கிவிட, அதன்மேல் ஊதா படிந்து செம்பு நிறம் வரும். இரண்டும் உடைந்தால் மஞ்சள் வரும். வெள்ளைச் சாமந்தியிலிருந்து மஞ்சள் வருவதற்கும் அந்த நொதி இழப்பே காரணம். மஞ்சள் ரகத்தில் தொடங்கினாலோ நிறத்தில் உடைப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகங்களில் கோ 1 மஞ்சள், கோ 2 ஊதா. நிறம் வேண்டுபவர் கோ 2 போன்ற ஊதா ரகத்திலிருந்து தொடங்கட்டும். நீலச் சாமந்தியை இவ்வழியில் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கான நிறமியை உண்டாக்கும் மரபணு அச்செடியில் இல்லை.

கதிர் எங்கே, எவ்வளவு

கதிர் கொடுப்பதை வீட்டிலோ நர்சரியிலோ செய்ய முடியாது, முயலவும் கூடாது. கோபால்ட் 60 போன்ற கதிர்மூலங்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே, அணுசக்திச் சட்டத்துக்கும் கதிர்ப் பாதுகாப்பு விதிகளுக்கும் உட்பட்டு வைத்திருக்கலாம். பழைய பொருள் வியாபாரியிடம் கிடைக்கும் அடையாளம் தெரியாத உலோகக் குப்பியைக் கையால் தொடுவதே ஆபத்து. வேளாண் பல்கலைக்கழகம், அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் கதிர் கொடுப்பதற்கான காமா அறை இருக்கும். எழுத்து மூலம் விண்ணப்பித்து, செடியின் பெயர், எண்ணிக்கை, வேண்டும் அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தேதி வாங்க வேண்டும். ஏற்காட்டிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்களிடமோ அருகிலுள்ள தோட்டக்கலைக் கல்லூரி ஆசிரியர்களிடமோ சேர்ந்து செய்வது, அனுமதிக்கும் பிற்காலப் பதிவுக்கும் உதவும்.

காமா கதிர் பட்ட செடி கதிரியக்கம் உடையதாக ஆவதில்லை. ஒளி பட்டுக் கடந்துபோவதுபோல் கதிர் கடந்துவிடுகிறது. திரும்பக் கொண்டுவரும் போத்தை வெறுங்கையால் நடலாம், அதில் பூத்த பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாம். இதை வேலையாட்களுக்கு முதல் நாளே விளக்கிச் சொல்லிவிடுவது அவர்களுக்கு நாம் செய்யவேண்டிய மரியாதை.

அளவை இன்று கிரே என்ற அலகில் சொல்கிறார்கள். பழைய ஆய்வேடுகளில் கிலோராட் என்று இருக்கும்; ஒரு கிலோராட் பத்து கிரேக்குச் சமம். இந்த ஒரு பெருக்கலில் தவறினால் மொத்தப் போத்தும் கருகிவிடும். சாமந்திப் போத்துக்குப் பெரும்பாலும் 10 முதல் 25 கிரே வரை பயன்படுகிறது. ரோஜா ஒட்டுக்கான மொட்டுக்குச்சி அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். காகிதப்பூ சாமந்தியைவிடக் குறைவாகவே தாங்கும். நீர் வற்றிய விதைகள் நூற்றுக்கணக்கான கிரேயையும் பொறுத்துக்கொள்ளும், ஏனெனில் கதிரின் சேதத்தில் பெரும்பங்கு செல்லிலுள்ள நீர் உடைந்து உண்டாகும் துகள்கள் வழியாக நிகழ்கிறது. நீரோட்டம் மிகுந்த இளந்தண்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிறர் எழுதிய அளவை நம்பி முழுத் தொகுதியையும் ஒரே நாளில் அனுப்பக் கூடாது. ரகத்துக்கு ரகம் தாங்கும் அளவு மாறும். முதலில் 0, 10, 15, 20, 25, 30 கிரே என்று ஆறு தொகுதிகள், தொகுதிக்கு இருபது போத்து என்று அனுப்பி, ஒரே பாத்தியில் நட்டு, 45 நாள் கழித்து எத்தனை உயிருடன் உள்ளன, சராசரி உயரம் என்ன என்று எண்ண வேண்டும். கதிர் படாத தொகுதியில் பிழைத்ததை நூறு எனக் கொண்டு மற்றவற்றை வரைபடத்தில் குறித்தால், பாதி மடியும் அளவு கண்ணுக்குத் தெரியும். புத்தகங்கள் பலவும் அந்தப் பாதி மடியும் அளவையே பரிந்துரைக்கின்றன. தழைவழிப் பெருகும் பூச்செடிக்கு அது மிகை என்பது என் கருத்து. அந்த அளவில் வேண்டிய மாற்றத்துடன் வேண்டாத சேதமும் அதே செடியில் ஏறிவிடுகிறது. நிறம் அழகாக மாறியிருந்தும் செடி குன்றிப் போய்ப் பயன்படாமல் போவது இதனால்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக மடியும் அளவையும், அதற்குச் சற்றுக் கீழான இன்னோர் அளவையும் எடுத்துக்கொண்டு, அளவுக்கு 200 போத்தாவது அனுப்புவது நல்லது.

அனுப்பும் போத்து 5 முதல் 7 செ.மீ. நீளத்தில், ஒரே வயதில், நோயற்ற தாய்ச்செடியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். அடிப்பகுதியை ஈரப்பஞ்சில் சுற்றி, துளையிட்ட பாலித்தீன் பையில் இட்டு, அளவையும் எண்ணிக்கையையும் அழியாத மையில் எழுதிய அட்டையைப் பைக்குள்ளும் வெளியிலும் வைக்க வேண்டும். சேலத்திலிருந்து மாலையில் கிளம்பும் பேருந்தில், வெயிலும் எஞ்சின் சூடும் படாத இடத்தில் எடுத்துச் செல்லலாம்.

கதிர் அறையில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. கோபால்ட் 60-இன் அரைவாழ்வு, அதாவது அதன் வலு பாதியாகும் காலம், 5.27 ஆண்டுகள்; மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வலு குறைந்துகொண்டே வரும். ஆகவே போன ஆண்டு வைத்த நொடிக்கணக்கை இந்த ஆண்டு அப்படியே வைக்கக் கூடாது. அன்றைய தேதிக்கான கதிர்வீதத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். புதிதாகக் கோபால்ட் நிரப்பிய அறையில் மணிக்கு 5,000 கிரே வரும் என்றால், 20 கிரே 15 நொடிக்குள் முடிந்துவிடும். போத்து வைத்த பெட்டி கதிர்மூலத்தின் நடுவே இறங்கி ஏறும் நேரத்தில் படும் கதிரும் அவ்வளவு சிறிய அளவில் பொருட்படுத்தத்தக்கதாகிவிடும். வாய்ப்பிருந்தால், வலு குறைந்த பழைய அறையைத் தேர்ந்தெடுப்பது போத்துக்கு நல்லது.

நட்டபின் வெட்டும் வேலை

திரும்பிய அன்றே அல்லது மறுநாள் காலையிலேயே போத்துகளைத் தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் நட்டு நிழல்வலைக்குள் வைக்க வேண்டும். வேர் பிடிக்கத் தாமதமாகும். முதலில் விரியும் இலைகள் சுருங்கியும், நடுநரம்பு இரண்டாகப் பிரிந்தும், ஓரத்தில் வெளிறியும் காணப்படும். இவை கதிர் கொடுத்த அடி; மரபு மாற்றம் அல்ல. அடுத்துவரும் இலைகள் பெரும்பாலும் சீராகிவிடும். உருக்குலைந்த இலையைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அஞ்சிச் செடியைப் பிடுங்கவும் வேண்டாம்.

தண்டின் நுனி மூன்று செல்லடுக்குகளால் ஆனது. வெளியடுக்கு மேல்தோலாகவும், உள்ளடுக்குகள் சதையும் நரம்புமாகவும் வளர்கின்றன. சாமந்தி இதழின் நிறம் பெரும்பாலும் மேல்தோலில் இருக்கிறது. கதிர் பட்டபோது ஓர் அடுக்கின் ஒரு செல்லில் மாற்றம் நேர்ந்தால், அதன் வழித்தோன்றல்கள் தண்டின் ஒரு பக்கத்தில் மெல்லிய கீற்றாக ஏறிவரும். அந்தக் கீற்றின்மேல் ஒரு கக்க மொட்டு (இலையும் தண்டும் சேரும் மூலையிலுள்ள மொட்டு) அமைந்தால், அதிலிருந்து வரும் கிளையின் வெளியடுக்கு முழுவதும் மாறிய செல்களாகவே இருக்கக்கூடும். நுனியை வளரவிட்டுக் காத்திருந்தால் கீற்று ஓரத்திலேயே தங்கி, மாறாத செல்களால் நெருக்கப்பட்டு மறைந்துவிடும். கிள்ளிக் கிள்ளிப் பக்கக் கிளைகளை எழுப்பினால்தான் அது வெளிப்பட வாய்ப்புக் கிடைக்கும்.

செடி 12 முதல் 15 செ.மீ. உயரமானதும் நுனியைக் கிள்ள வேண்டும். எழும் பக்கக் கிளைகள் ஒவ்வொன்றையும், எந்தச் செடியின் எந்தக் கணுவிலிருந்து வந்தது என்று குறித்துத் தனித்தனிப் போத்தாக எடுத்து நட வேண்டும். அவை வளர்ந்ததும் மீண்டும் கிள்ளி மீண்டும் போத்து எடுக்க வேண்டும். இப்படி இரண்டு, முடிந்தால் மூன்று சுற்று. பிப்ரவரியில் கதிர் கொடுத்தால், மார்ச் இறுதியில் முதல் கிள்ளல், மே மாதத்தில் இரண்டாவது, ஜூன் இறுதிக்குள் வயலில் நடவு, அக்டோபர் முதல் பூ என்று ஏறக்குறைய நாட்காட்டி அமையும். குறிப்பேடு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. நூற்றுக்கணக்கான போத்துகளில் எது எதன் பிள்ளை என்பது நினைவில் நிற்காது.

சாமந்தி குறுகிய பகலில் பூக்கும் செடி. நம் பகுதியின் நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை; அதனால் சில ரகங்கள் கோடைத் தொடக்கத்திலேயே மொட்டுக் கட்டித் தழைப்பதை நிறுத்திவிடும். அப்படி நேர்ந்தால், இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை பாத்தியின்மேல் விளக்கு எரியவிட்டு இரவை இரண்டாக உடைக்க வேண்டும். செடி நீண்ட பகல் என்று எடுத்துக்கொண்டு இலை விடும்.

பூத்ததும் தினமும் காலையில், பனி காய்வதற்குமுன் ஒவ்வொரு பூவையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். முழுப் பூவும் நிறம் மாறி நிற்கும் செடி கிடைத்தால் அது கொடுப்பினை. பெரும்பாலும் கிடைப்பது கீற்றுதான்: ஊதாப் பூவின் ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று இதழ் மட்டும் செம்பாக இருக்கும், அல்லது ஒரே இதழில் நகம் கீறியது போன்ற ஒரு கோடு ஓடும். அந்தப் பூக்காம்பில் உடனே நூல் கட்டிவிட்டு, நிறம் மாறிய பக்கத்துக்கு நேர்கீழே தண்டில் எந்த இலைகள் அமர்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அந்த இலைக் கக்கங்களில் மாறிய செல்கள் இருக்க வாய்ப்பு அதிகம். பூவைக் கொய்து, மற்றக் கிளைகளை நீக்கி, இரவு விளக்கின் கீழ் வைத்து, அந்தக் கணுக்களிலிருந்து மட்டும் தழைக்கிளையை எழுப்ப வேண்டும். அவ்வழியிலும் கிடைக்கவில்லை என்றால் திசுவளர்ப்புக் கூடத்தின் உதவியை நாடலாம். மாறிய இதழைத் துண்டித்து ஊடகத்தில் வைத்து அதிலிருந்தே தளிர் எழுப்பும் முறையை லக்னோ நிறுவனத்தினர் சாமந்தியில் செய்து காட்டியிருக்கிறார்கள். சிறிய நர்சரிக்காரர்களுக்குச் செலவுதான். ஆனால் ஓர் இதழைத் தவிர வேறெங்கும் தென்படாத நல்ல நிறத்தை மீட்க அதைவிட நம்பகமான வழியில்லை.

மலையும் சமவெளியும்

ஆந்தோசயனின் வெப்பத்தில் குறையும். 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் அடர் ஊதாவாகப் பூக்கும் செடி, சேலத்தில் மார்ச் மாதத்தில் வெளுத்துப் பூக்கும். அதைச் சடுதிமாற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. மாறியதாகத் தோன்றும் ஒவ்வொரு செடிக்கும் பக்கத்திலேயே கதிர் படாத தாய் ரகத்தை ஒரே நாளில், ஒரே மண்ணில் நட்டு ஒப்பிட வேண்டும். அடிவாரத்தில் ஓரிடம், மலையில் ஓரிடம் என்று இரண்டு இடங்களிலும் பூக்கவைத்து, இரண்டிலும் தாயிடமிருந்து ஒரே வகையில் வேறுபட்டால் மட்டுமே அதை உண்மையான மாற்றம் என ஏற்கலாம். சேர்வராயன் மலைக்கும் சேலத்துக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடிவது நம் பகுதிக்குக் கிடைத்த பெரிய வசதி.

மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பிகோனியா, ஆப்பிரிக்க வயலட் ஆகியவை இலையிலிருந்தே கன்று விடும். காம்போடு கொய்த இலைக்குக் கதிர் கொடுத்து நட்டால், காம்பின் அடியில் முளைக்கும் புதுக்கன்றுகள் பெரும்பாலும் ஒற்றைச் செல்லிலிருந்து எழுகின்றன. அதனால் கீற்றுச் சிக்கல் இல்லை. மாறிய கன்று தலையிலிருந்து கால்வரை மாறியதாகவே வரும். வெட்டி வெட்டிப் பிரிக்கும் உழைப்பு இதில் பெருமளவு மிச்சம். ஏற்காட்டின் குளிர்ச்சியும் ஈரக்காற்றும் இச்செடிகளுக்கு ஒத்துப்போவதால், அலங்காரத் தொட்டிச்செடி விற்பவர்கள் சாமந்தியைவிட இதை முதலில் முயலலாம்.

விதையில் வளரும் காசித்தும்பை, கோழிக்கொண்டை போன்றவற்றில், கதிர் பட்ட விதையின் செடியில் ஒன்றும் தெரியாது. ஒடுங்கு மாற்றங்கள், அதாவது மாறாத மரபணு இணையாக இருக்கும்வரை மறைந்திருப்பவை, அடுத்த தலைமுறையில்தான் வெளிப்படும்; ஆகவே முதல் தலைமுறைப் பூக்களைப் பையிட்டுத் தன் மகரந்தத்திலேயே விதை கட்டவைத்து, செடிவாரியாக விதைக்க வேண்டும்.

நிறம் நிலைத்துவிட்டதா என்பதை போத்து வழியாக மூன்று தலைமுறைகளேனும் வளர்த்துப் பார்க்க வேண்டும். வெளியடுக்கு மட்டும் மாறிய செடி, தண்டுப் போத்தில் நிறத்தைக் காப்பாற்றும். வேரிலிருந்து எழும் கன்றில் பழைய நிறத்துக்கே திரும்பக்கூடும், ஏனெனில் அக்கன்று மாறாத உள்ளடுக்கிலிருந்து வருகிறது. திரும்பிய கிளையைக் கண்டதும் அடியோடு நீக்க வேண்டும்.

விற்பனைக்கு முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி, தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை ஆகியவற்றை நிறுவினால் புதிய ரகத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் சடுதிமாற்றத்தால் வந்தது மூல ரகத்திலிருந்து பெறப்பட்ட ரகமாகக் கருதப்படக்கூடியது. மூல ரகம் பதிவு பெற்றதாக இருந்தால் அதன் உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்படும். ஆகவே தாய் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அதன் பதிவு நிலையை விசாரித்துக்கொண்டு, கதிர் கொடுத்த தேதி, அளவு, கணுவாரிக் குறிப்பு, தாயையும் பிள்ளையையும் அருகருகே வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவைக்க வேண்டும். தாய்ச்செடிகளில் பத்தையாவது மலையில் தனிப்பாத்தியில் பராமரித்து வந்தால், ஒப்பீட்டுச் சோதனை கேட்கப்படும்போது அங்கிருந்தே போத்து எடுத்துக்கொடுக்கலாம்.